அம்மன் பம்பையும் என் தார்ப்பாய்ப் பையும்

மணவாள நகரில் லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்தபோது என்னிடம் இருந்தது ஒரு கோணி ஊசியும் ஒரு மெழுகு உருண்டையும்தான். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்புக்கு மேல் என்னை வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கொட்டகையிலிருந்து நெல் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்தேன். செங்கல் சூளைகளில் வேகாத பச்சைக் கல் நனையாமலிருக்க மூடுதுணி தைத்தேன். திருவள்ளூர் ஸ்டேஷன் வாசலில் நின்ற சைக்கிள் ரிக்‌ஷாக்களில் பாதிக்கு என் கை மழைத்துணி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் முள்ளுக்காடாகக் கிடந்த பூமியில் கம்பெனிகள் வந்து, பெரிய பெரிய மிஷின்களை வெட்டவெளியில் இறக்கிவிட்டு வானத்தைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தபோது, அவற்றுக்குச் சட்டை தைத்து மாட்டியவன் நான். இரண்டு ஷெட் போட்டேன். மாடி வைத்து வீடு கட்டினேன். "கிழிசல் தெச்சு எவன்டா பொழச்சான்" என்று கேட்ட என் அப்பாவையே அந்த மாடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. நான் தைத்ததிலேயே பெரிய காரியம் அதுதான். ஒரு கன்றுக்குட்டி அளவு கூட இல்லை. பம்பை மேளத்தைத் தூக்கிப்போக ஒரு பை.

எழுபதுகள் தொடங்கிய சமயம். என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், செவ்வாப்பேட்டையில் இருந்தார். பரம்பரையாகப் பம்பை அடிக்கிற வீடு. பம்பை என்றால் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய இரண்டு மேளம்; ஒன்று மரம், ஒன்று பித்தளை. இடுப்பில் கட்டிக்கொண்டு அடித்தால் அம்மன் வந்து இறங்க வேண்டும். இறங்குகிற வரைக்கும் அடிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் வந்துவிட்டால் மச்சானைக் கையில் பிடிக்க முடியாது.

அவருக்கு வருகிற திருவிழாக்களில் முதலாவது, பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் மணல்திட்டில் இருந்த ஒரு மீனவர் குப்பத்துத் திருவிழா. இன்று காட்டுப்பள்ளியில் துறைமுகம், கப்பல் கட்டுகிற இடம் என்று விளக்கு எரிகிறதே, அதற்கும் வடக்கே. அப்போது அங்கே போக ஏரியில் படகு ஒன்றுதான் வழி. அந்தக் குப்பம் யாரைக் கூப்பிடுகிறதோ அவரைத்தான் சுற்றியுள்ள மற்ற குப்பங்களும் கூப்பிடும். அவர்கள் கைவிட்டால் எல்லாரும் கைவிடுவார்கள். அப்புறம் மச்சானுக்கு இருக்கிற ஒரே வேலை, செங்கல் சூளையில் மண் மிதிப்பது.

கைவிடுகிற நிலைமைக்குத்தான் வந்திருந்தார்கள். காரணம் தண்ணீர்.

அந்தக் குப்பத்துக்கு ஒரு வழக்கம். படகு நடு ஏரியைத் தாண்டி, கோயில் வேப்பமரத்தில் கட்டிய மஞ்சள் கொடி கண்ணுக்குத் தெரிந்தவுடன், பம்பைக்காரர் படகில் இருந்தபடியே அடிக்க வேண்டும். அதற்கு வரவு அடி என்று பேர். அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் கரையில் கூழ்ப்பானைக்கு அடுப்பு மூட்டுவார்கள். ஆகவே பம்பையை எவ்வளவு பத்திரமாக மூடி எடுத்துப் போனாலும், காற்றும் அலையும் மோசமாக இருக்கிற இடத்தில் திறந்தே ஆக வேண்டும். முந்தின வருஷம் கோணிப் பையிலிருந்து எடுத்து மச்சான் வரவு அடி அடித்தார். அலை தெறித்துத் தோல் முழுக்க உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் பட்ட தோலை வைக்கோல் தீயில் காட்டினால் இறுகி ஏறிக்கொள்ளும். உப்புத் தண்ணீர் பட்டது அப்படி இல்லை. ஏறுவது மாதிரி ஏறி மறுபடியும் தொய்ந்துவிடும். அவசரத்தில் தீயைக் கூட்டினார்கள். அம்மனை அழைத்துக்கொண்டிருந்தபோதே தோல் பிளந்தது. நின்ற இடத்தில் கரகம் நின்றது. பெண்கள் அழுதார்களாம்.

மச்சான் அடுத்த ஆடிக்கு முன்னால் என் கொட்டகைக்கு வந்தார். தலையில் புதுத் தகரப் பெட்டி.

"மாப்ளே, இன்னொரு வாட்டி நனைஞ்சா அவ்ளோதான். குப்பத்துத் தலைவரு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு."

"இன்னான்னு?"

"சூளூர்ப்பேட்டை பம்பை செட்டையும் வரச் சொல்லிக்கீறாராம். கரையில ரெடியா நிப்பாங்களாம். என் பம்பை பேசலன்னா அவங்க பம்பை பேசுமாம்."

நான் பெட்டியைத் தட்டிப் பார்த்தேன். "இது இன்னா மச்சான், பம்பைக்குப் பாடையா?"

உள்ளேயிருந்து என் மனைவி கத்தினாள். "அண்ணன் காப்புக் கட்டப் போற நேரத்துல இன்னா பேச்சுய்யா பேசற? வாய்ல வசம்பு வெச்சுத் தேய்க்க."

பெட்டியைப் பற்றி நான் சொன்னது வாய்த்துடுக்கு இல்லை, தொழில். தகரம் வெயிலில் அடுப்பாகும். தோல் காய்ந்து காய்ந்து இறுகி, முதல் அடியிலேயே போகும். படகு சாய்ந்தால் மூடி இடுக்கில் தண்ணீர் நுழையும்; நுழைந்தால் கல் மாதிரி அடியில் உட்காரும். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்குக் கெட்டியானது எதுவோ அதுதான் பத்திரம். என் மனைவிக்கு வேறு ஆசை. பட்டணத்தில் பாட்டுக் கச்சேரிக்காரர்கள் டோலக்குக்கு வைத்திருக்கிற ரெக்ஸின் பையைப் பார்த்திருந்தாள். பளபளவென்று, ஜிப் வைத்தது. தெரிந்தவரிடமிருந்து ஒன்றை இரவல் வாங்கியே வந்துவிட்டாள்.

"இத்தப் பாரு. தண்ணி ஒரு சொட்டு நிக்குதா பாரு. நீ தெக்கிறதெல்லாம் லாரிக்குப் போடறது. எங்கண்ணன் இன்னா அரிசி மூட்டையா ஏத்திகினு போறாரு?"

"ரெக்ஸின் உள்ள வேர்க்கும்."

"உனக்குத்தான் வேர்க்குது, தோத்துப் பூடுவோம்னு."

இரண்டு நாள் இப்படியே போயிற்று. வீட்டில் கஞ்சி இறங்கவில்லை. மச்சான் கொட்டகை மூலையில் தகரப் பெட்டி மேலேயே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு சோதனை வைத்தோம். அப்பளம் பொரித்து, பெட்டியில் ஒன்று, ரெக்ஸின் பையில் ஒன்று, நான் அவசரமாக மடித்துத் தைத்த தார்ப்பாய்ப் பையில் ஒன்று. மூன்றையும் வெயிலில் வைத்து, அவ்வப்போது குடத்துத் தண்ணீரை ஊற்றினோம். அப்பளம் வைக்கிற யோசனை என்னுடையது. என் மனைவி வேறு மாதிரி சொல்வாள். பொரித்தது மட்டும்தான் அவள்.

பொழுது சாய்ந்து திறந்தோம். பெட்டியில் இருந்தது கூழாகிக் கிடந்தது. ரெக்ஸினில் இருந்ததை மச்சான் தூக்கினார். ஈரத் துணி மாதிரி விரலில் மடிந்து தொங்கியது. வெளியிலிருந்து ஒரு சொட்டு நுழையவில்லை, உள்ளே இருந்த வேர்வையே போதும். என் பையில் இருந்ததை எடுத்து அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்து உடைத்தேன். 'படக்' என்றது.

மச்சான் பீடியைப் போட்டு மிதித்தார். "சரி. தெய்யி. ஆனா முடிச்சு போட்டுக் கட்டற மாதிரி தெக்காத."

அது இன்னொரு கஷ்டம். காப்புக் கட்டிப் பூசை போட்ட பம்பையில் அம்மன் குடியிருக்கிறாள். அவளை முடிச்சுப் போட்டு அடைக்கக் கூடாது; அது சூனியக்காரன் செய்கிற வேலை. கயிறு கூடாது, நாடா கூடாது. கயிறு இல்லாமல் தார்ப்பாய் கட்டு என்று லாரிக்காரன் சொன்னால் நான் அடித்துத் துரத்தியிருப்பேன். இவர் மச்சான்.

யோசித்து யோசித்து இப்படிச் செய்தேன். நன்றாக அடிபட்டுப் பழகிய லாரித் தார்ப்பாய் இரண்டு மடிப்பு. புதுசு வெறைப்பாக இருக்கும், சொன்னபடி கேட்காது. நடுவில் பழைய கம்பளி. தையல் ஓட்டைகளில் படகுக்காரர்கள் இடுக்கு அடைக்கிற குங்கிலியம் காய்ச்சி இழுத்தேன். ஒரே ஒரு பக்கம் வாய். அந்தப் பக்கத்து மேளத் தோல் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி திறக்கும். பம்பையை வெளியே எடுக்காமலேயே அடிக்கலாம். அடித்து முடித்ததும் வாயின் உதட்டைச் சுருட்டி மடித்து, மூன்று துணி வளையத்தில் மூன்று மரக்குச்சியைக் குறுக்கே செருகினால் தீர்ந்தது. முடிச்சே இல்லை. மேலே பிடித்துத் தூக்க இரண்டு பெரிய காது. உள்பக்கம் அடிக்குச்சி வைக்க ஒரு சின்னப் பை.

என் மனைவி பையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நல்லா இருக்கிறது என்று சொல்லவில்லை. சொன்னது இதுதான்: "நீயும் கூடப் போ. உன் பை கவுத்துச்சுன்னா அங்க நின்னு நீயே பதில் சொல்லு. எங்கண்ணன் தலை குனிஞ்சு நிக்கக் கூடாது."

பாசஞ்சர் வண்டியில் போனோம், பட்டணத்தில் மாறினோம், பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தோம். கண்டக்டர் பையை மேலே போடச் சொன்னார். மச்சான் காப்புக் கட்டிய கையைக் காட்டினார். கண்டக்டர் தன் சீட்டைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தார். பழவேற்காட்டில் படகு காத்திருந்தது. குப்பத்திலிருந்து அனுப்பிய பாய்மரப் படகு. ஓட்டி வந்தவர் ஆந்திர எல்லையோரத்து ஆள், தமிழில் பாதி தெலுங்கு.

"இன்னா நைனா, பைக்குக் காதெல்லாம் வெச்சுக்கீற? கம்மல் போடலயா?"

"பம்பை பேசும். நீ காதைத் தீட்டிகினு கேளு" என்றேன்.

"போன வருசமும் இதே மாதிரிதான் பேச்சு. அப்பால பம்பை பேசல."

மச்சான் முகம் செத்துப்போனது.

மேற்கிலிருந்து ஆடி மேல்காற்று எங்கள் முதுகில் அறைந்தது. அதுவே பாயைத் தள்ளிக் குப்பத்துப் பக்கம் கொண்டுபோகும், ஆகவே படகுக்காரருக்குச் சந்தோஷம். ஆனால் ஏரித் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. வற்றும்போது முகத்துவாரத்துக்கு இழுக்கும். முகத்துவாரத்தைத் தாண்டினால் கடல். காற்று ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். படகு கோணல் மாணலாகப் போனது. எனக்கு நீச்சல் தெரியாது. திருவள்ளூர்க்காரனுக்கு எதற்கு நீச்சல்? பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மச்சான் மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலை தெறித்து அதன் மேல் விழுந்து வழிந்தது. ஒவ்வொரு சொட்டும் வழிந்து கீழே போகிற வரைக்கும் பார்த்தேன்.

கொடி தெரிந்தது. மணல் மேல் ஒரு மஞ்சள் புள்ளி.

மச்சான் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். குச்சிகளை உருவினார். வாய் திறந்தது, தோல் காய்ந்து வெளேரென்று இருந்தது. உள்பையிலிருந்து அடிக்குச்சியை எடுத்து வரவு அடி அடித்தார். நாராசமில்லை, தொய்வில்லை, வெங்கலக் கடையில் குடத்தை உருட்டிவிட்ட மாதிரி கணீரென்று அந்தத் தண்ணீர் மேல் ஓடியது. கரையிலிருந்து குலவைச் சத்தம் வந்தது. அடுப்புப் புகை எழுந்தது.

"கேட்டியா நைனா?" என்று படகுக்காரரைப் பார்த்துத் திரும்பினேன்.

அந்த ஒரு நொடிதான். மச்சான் அடிக்குச்சியைச் செருகிவிட்டு, வாயை மூட வேண்டியவர், கொடியைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அந்தக் குடும்பத்து ஆள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். குலவை கேட்டும் கை தூக்காமல் இருக்க அவர்களால் முடியாது. படகு சாய்ந்தது. மடியிலிருந்து பை நழுவியது.

நான் பலகையை விட்டேன். பாய்ந்து உதட்டைச் சுருட்டினேன். ஒரு குச்சி ஏறியது. இரண்டாவதும் ஏறியது. மூன்றாவதைப் பிடிப்பதற்குள் பை என் கையிலிருந்து போய் ஏரியில் விழுந்தது.

மச்சான் பின்னாலேயே குதிக்கப் பார்த்தார். இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை அடித்தார். "உட்றா! உட்றா என்னை! அம்மா போறாடா!" என்று கத்தினார். அதுவரை என்னை 'டா' போட்டதில்லை.

"குதிக்காத, இழுப்பு முகத்துவாரத்துக்குப் போவுது, உன்னியும் இட்டுகினு பூடும்" என்று படகுக்காரர் பாயை இழுத்துத் திருப்பப் போராடினார். திரும்பவில்லை.

பை மிதந்தது.

இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். தகரப் பெட்டியாக இருந்திருந்தால் அடியில் போயிருக்கும். மரப்பெட்டியாக இருந்திருந்தால் பாதி முழுகி, தண்ணீர் இழுத்த பக்கம், அதாவது கடலுக்குப் போயிருக்கும். என் பை உள்ளே காற்று அடைத்து, எண்ணெயில் போட்ட பூரி மாதிரி மேலேயே உட்கார்ந்தது. தண்ணீரால் அதைப் பிடிக்க முடியவில்லை. காற்றால் பிடிக்க முடிந்தது. மேல்காற்று அதைக் குப்பத்துக் கரைக்கே உருட்டிக்கொண்டு போனது. எங்களுக்கு முன்னால், எங்களைவிட வேகமாக.

கரையில் பெண்களின் சத்தம் காற்றை மீறிக் கேட்டது. "ஐயோ, தானா வர்றாடி! தண்ணி மேல நடந்து வந்துகினு கீறாடி எங்கம்மா!"

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் மூன்றாவது குச்சியை மட்டும் பார்க்க முயன்றேன். தெரியவில்லை. அந்த மூலை மடிப்பு பிரியாமல் இருந்தால் பிழைப்பு. பிரிந்திருந்தால் உள்ளே ஏரி.

படகு கரை தட்டியதும் ஓடினோம். வேப்பமரத்தடியில் பையை வைத்திருந்தார்கள். அதற்குள் குங்குமம் அப்பியாகிவிட்டது. ஒரு பக்கம் சூளூர்ப்பேட்டைக்காரர்கள் பம்பையைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். மூன்றாவது குச்சி வளையத்தில் ஏறாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மடிப்பு பிரியவில்லை, ஆனால் அதைப் பிடித்திருந்தது ஒன்றுமில்லை, பழக்கப்பட்ட துணியின் வளைவு ஒன்றுதான். அந்த நேரம் பார்த்துப் பெண்கள் வரிசையாக மஞ்சள் தண்ணீர்க் குடங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்த அம்மனைக் குளிப்பாட்ட வேண்டுமே.

"ஊத்தாதீங்கம்மா! ஊத்தாதீங்க!" என்றேன்.

தலைவர் திரும்பினார். பெரிய உடம்பு, மார்பெல்லாம் சந்தனம். "யார்ரா இவன்? அம்மனுக்கு ஊத்தறத நிறுத்தச் சொல்றவன்?"

"என் தங்கச்சி ஊட்டுக்காரரு, தலைவரே" என்றார் மச்சான்.

"தங்கச்சி ஊட்டுக்காரரு ஒதுங்கி நிக்கட்டும்."

குச்சியைச் செருகப் போனால், காப்புக் கட்டாத கை பம்பையைத் தொட்டது என்று அடித்தே போட்டிருப்பார்கள். விளக்கம் சொல்ல நேரமில்லை. முதல் குடம் சாய்ந்துகொண்டிருந்தது. நான் "அம்மா!" என்று அலறிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். விழுந்த இடம் பையின் வாய். மூன்றாவது மூலை சரியாக என் மார்புக்குக் கீழே.

ஒரு கிழவி கையைத் தட்டினாள். "சாமி வந்துடுச்சு! இந்தாளுக்குச் சாமி வந்துடுச்சு!"

"ஊத்துங்கடி அவர் மேலயும்!"

ஊற்றினார்கள். குடம் குடமாக என் முதுகில், தலையில், காதில். மூச்சு முட்டியது. எழுந்திருக்கவில்லை. மார்பை அழுத்திக்கொண்டு, அடியில் கையை நுழைத்து, கண்ணால் பார்க்காமல் விரலாலேயே வளையத்தைத் தேடினேன். வருஷக்கணக்காகத் தைத்த விரல். வளையம் கிடைத்தது, குச்சி கிடைத்தது, செருகினேன். அதற்கப்புறம்தான் என் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. அதையும் சாமி என்றார்கள்.

தலைவர் கையைத் தூக்கினார். தண்ணீர் நின்றது. என்னை இரண்டு பேர் தூக்கி உட்கார வைத்து விபூதி போட்டார்கள்.

"பம்பைக்காரரே, தொறங்க" என்றார் தலைவர். சூளூர்ப்பேட்டைக்காரர்களை ஒரு முறை பார்த்தார். மச்சானும் பார்த்தார்.

நனைந்து உப்பியிருந்த குச்சி முதல் இழுப்பில் கழலவில்லை. மறு இழுப்பில் கழன்றது. வாய் திறந்தது. முதலில் உள்பையிலிருந்து அடிக்குச்சியை இழுத்தார். அதோடு சேர்ந்து காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்று விழுந்தது. ஒரு அப்பளம். எனக்குத் தெரியாமல் என் மனைவி வைத்து அனுப்பியிருக்கிறாள். இரண்டாக உடைந்திருந்தது, ஆனால் மொறுமொறுவென்று இருந்தது. அதைக் கண்டவுடன் எனக்கு உயிர் வந்தது. என் பைக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? நான் கையை நீட்டுவதற்குள் தலைவர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அம்மா பிரசாதத்தோட வந்துக்கீறா" என்று பிட்டுப் பிட்டுக் கூட்டத்துக்குக் கொடுத்தார். என்னிடம் இருந்த ஒரே சாட்சியைத் தின்றுவிட்டார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. தின்றேன்.

மச்சான் பம்பையை இடுப்பில் கட்டினார். தோலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடித்தார்.

பம்பை பேசியது. அந்த வருஷம் பேசியது மாதிரி அப்புறமும் பேசியதில்லை. கரகம் ஆடியது, தலைவரே ஆடினார். மச்சான் அழுதுகொண்டே அடித்தார். திருவிழா அடிக்கிற முறை அவரிடமே நின்றது. அவர் கை ஓய்கிற வரைக்கும் அவரிடமே இருந்தது. சூளைக்கு அவர் போகவில்லை. இன்று அவர் மகன் அடிக்கிறான்.

அன்று சாயங்காலம் கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது, சூளூர்ப்பேட்டை செட்டில் மூத்தவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பையின் மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். "எவரு குட்டாரு இதி?" என்றார். தைத்தது யார் என்று அந்தக் கரையிலேயே கேட்டவர் அவர் ஒருத்தர். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அடுத்த ஆடிக்குள் அவருக்கு ஒன்று, அவர் சொல்லி மற்ற செட்டுகளுக்குப் பல. எல்லைக்கு அந்தப் பக்கம் இன்றைக்கும் பம்பைக்கு வாங்கினால் காது வைத்த தார்ப்பாய்ப் பைதான் வாங்குகிறார்கள், மூன்று குச்சியோடு. கடையில் போய்ப் பாருங்கள்.

குப்பத்தில் கதையே வேறு. அந்தப் பையை என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. அம்மன் ஏறி வந்த வாகனம் என்று கோயிலில் மாட்டி, மஞ்சள் பூசிப் பூசி, கடைசியில் அது தார்ப்பாயா தோலா என்றே தெரியாமல் போய், ஒரு மழைக்காலத்தில் எடுத்து ஏரியில் விட்டுவிட்டார்கள். அது அப்போதும் மிதந்துதான் போனதாம்.

கோயில் சுவரில் அந்த நாளைப் படமாக எழுதியிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். அலை மேல் பம்பை வெறுமனே நிற்கிறது. அம்மன் ஒரு கையால் அதைத் தாங்குகிறாள். மச்சான் படகில் கும்பிடுகிறார். தலைவர் கையில் கோலோடு நிற்கிறார். கீழே மஞ்சள் தண்ணீரில் ஒருத்தன் குப்புறக் கிடக்கிறான். கண் மேலே செருகி, நாக்கு வெளியே தள்ளியிருக்கிறது. அது நான்.

இப்போது கோயிலைப் புதுப்பிக்கப் போவதாகவும் படத்தை மறுபடி எழுதப் போவதாகவும் என் மச்சான் மகன் சொன்னான். அதனால்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன். அம்மனோடு எனக்குப் போட்டி இல்லை. காற்று அவளுடையது, தண்ணீர் அவளுடையது, குலவை அவளுடையது. எல்லாவற்றையும் அவளே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் பம்பைக்கு மேல் பையை வரையுங்கள். இரண்டு காதும் தெரிய வேண்டும். தைத்தது மணவாள நகர்த் தார்ப்பாய்க்காரன் என்று அடியில் ஒரு வரி எழுதுங்கள். என் பேர் வேண்டாம், ஊர் போதும். குப்புறக் கிடக்கிறவனின் நாக்கை உள்ளே தள்ளி, வலது கையை மார்புக்கு அடியிலிருந்து வெளியே எடுத்து, விரலில் ஒரு குச்சியைக் கொடுங்கள். அன்றைக்கு எனக்குச் சாமி வரவில்லை. மூன்றாவது குச்சியைச் செருகிக்கொண்டிருந்தேன்.